தூண்டிலுக்கு மிஞ்சிய ஏழு

டிசம்பர் மாதத்து டெல்லிக் குழாய்த் தண்ணீரைப் பற்றி குவார்ட்டர்ஸில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீஸர் எல்லாம் பெரிய ஆபீஸர் வீட்டுச் சமாச்சாரம். நமக்குக் கரி அடுப்பின் மேல் ஒரு அலுமினியக் குண்டான், ஆளுக்கு ஒரு பக்கெட், அதிலும் முக்கால்வாசி பச்சைத் தண்ணீர். கையை விட்டால் மணிக்கட்டு வரை மரத்துப் போகும். அந்தக் குளிரில், அந்தத் தண்ணீரில் நாங்கள் மீன் வளர்த்தோம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். முதல் பாதிக்கு நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

கிட்வாய் நகரில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு இப்போது அடுக்கடுக்காக மாடி கட்டியிருக்கிறார்கள். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். எங்கள் வீடு எது, நடுவில் இருந்த புல்வெளி எது என்று ஒன்றும் பிடிபடவில்லை. காவலுக்கு நின்றவர் என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா மத்திய சர்க்காரில் குமாஸ்தா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். நாங்கள் சைவம். சைவம் என்றால் முட்டை போட்ட பிஸ்கட் கூடாது என்கிற சைவம். மாடியில் ஒரு பெங்காலிக் குடும்பம் இருந்தது. அவர்கள் கடுகெண்ணெயில் மீன் பொரித்தால் நாங்கள் கீழே ஜன்னலைச் சாத்துவோம். எங்கள் வம்சத்தில் யாரும் மீனைக் கையால் தொட்டதில்லை. செத்த மீன் எப்படி இருக்கும், உயிருள்ள மீன் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

அந்த வருஷம் ஆவணியில் எனக்குத் தம்பி பிறந்தான். பிறந்தான் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறக்கும்போதே உயிர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்திருந்தார்கள், மறுநாள்தான் முழித்தாள். அதற்குள் அப்பாவும் அவருடைய செக்ஷனில் இருந்த ஒரு நண்பரும் குழந்தையை வாங்கிக்கொண்டு போய், யமுனைக் கரையில் குழந்தைகளைப் புதைக்கிற இடத்தில் புதைத்துவிட்டார்கள். பச்சைக் குழந்தையை எரிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அம்மா முழிக்கிற வரைக்கும் வைத்திருக்கலாமா என்று அப்பா யோசித்தாராம். நண்பர்தான், "வேண்டாம் சார். அவங்க பாத்தா அந்த முகம் மனசுலயே நின்னுடும். பாக்கலைன்னா கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க" என்றாராம். அந்த நண்பருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனால் கேட்ட எல்லாரும் அப்பா செய்ததுதான் சரி என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து போனவர்களில் ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை, நான் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டுக்கு வருவதற்குள் ஊரிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. பொடி டப்பாக்களும் வடகமும் ஒரு பெரிய துணி மூட்டையில் கட்டிக்கொண்டு, இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கிய அடுத்த நிமிஷம் சமையலறையைக் கழுவி விட்டவள். இறங்கின அன்றைக்கே அப்பாவிடம் மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னாள். அப்பா பஸ் பிடித்து கோல் மார்க்கெட் வரை போய், அங்கிருந்து எங்கேயோ கோயில் வாசலுக்கு நடந்து, இலையில் கட்டிய பூவோடு வந்தார். அம்மா தலையில் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். திறந்தபோது அம்மா தலையில் பூ இல்லை. வீடு முழுக்க வாசனை மட்டும் இருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லாத பால் வற்றுவதற்காக மல்லிகையைத் துணியில் வைத்து மார்பில் கட்டுவார்கள் என்று எனக்கே குழந்தை பிறந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான், "அம்மாவுக்குப் பூ வச்சு விடலியா?" என்று அத்தையைக் கேட்டுவிட்டேன். அத்தை என் தலையில் இரண்டு இணுக்கு வைத்துவிட்டாள்.

அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. கூப்பிட்டால் எழுந்து சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள், மறுபடியும் சுவர்ப் பக்கம். ஒரு மாதம் போனது. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. என் ஜடையை அத்தை பின்னினாள், அது இழுத்து இழுத்து வலித்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப் பெங்காலி அங்கிள் என்னைக் கூப்பிட்டார். வாரா வாரம் யமுனையில் தூண்டில் போடப் போகிறவர் அவர். பெரிய மீனைப் பிடிக்கத் தூண்டிலில் மாட்டுவதற்கென்று படகுக்காரர்களிடம் சின்ன மீன்களை உயிரோடு வாங்கி, ஒரு டால்டா டின்னில் வைத்திருப்பார். அன்றைக்கு மழை வந்து சீக்கிரம் திரும்பிவிட்டாராம். டின்னில் ஏழு மிச்சம். "லே ஜா, பேட்டீ" என்று, எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, டின்னோடு கொடுத்தார்.

உள்ளங்கையில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். முதலில் வெறும் சேற்று நிறமாகத்தான் தெரிந்தது. கண்ணாடி ஜாடியில் விட்டு வெயில் படும்படி வைத்த பிறகுதான், உடம்பு முழுக்கச் சாய்ந்து சாய்ந்து நீலமும் செம்மஞ்சளுமாகக் கோடுகள் இருப்பது தெரிந்தது. தாடைக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு மீசை. அதை முன்னால் நீட்டி நீட்டி, கண் தெரியாதவர் கைத்தடியால் தடவுவது போல, எதிரில் இருப்பதையெல்லாம் தொட்டுப் பார்க்கும். ஒன்றை ஒன்றும் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

"என்னட்டி இது? சைவ வீட்டுக்குள்ள மீன் சவத்தக் கொண்டாந்து வச்சிருக்க" என்றாள் அத்தை. எங்கள் ஊரில் பிடிக்காத எதையும் சவம் என்றுதான் சொல்வார்கள், செருப்பு அறுந்தாலும் சவம், பால் பொங்கினாலும் சவம். "சாப்பிட இல்ல அத்தை, பாக்க" என்றேன். "பாக்கதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா ஒனக்கு? கொண்டுபோய்க் குடுத்துரு, ஆமா."

அப்போது கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அது ஏன் மேல மேல வந்துட்டுப் போவுது?"

அத்தை கரண்டியோடு நின்றுவிட்டாள். ஒரு மாதத்தில் அம்மா தானாகப் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அதன் பெருமை தெரியவில்லை. மாடியில் அங்கிள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "அதுக்குத் தண்ணிக்குள்ள மூச்சு பத்தாதும்மா. மேல வந்து காத்து குடிச்சுட்டுப் போவும்."

"அதானே பாத்தேன்" என்றாள் அம்மா.

ஜாடி அன்றைக்கே அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அத்தை அதற்கப்புறம் மீனைப் பற்றிப் பேசவில்லை. அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவர்கள் மட்டுமே இருந்த வீடு அது, அதுதான் தொல்லையே.

அப்பா ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த சனிக்கிழமை, ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிற ஒரு கடைக்காரரைப் பிடித்து, இரும்புச் சட்டம் வைத்து, சந்தெல்லாம் மக்கு அடைத்து, ஒரு தொட்டி செய்து வாங்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். மடியில் வைத்து ஆட்டோவில் வந்தார். தொட்டி ஒரு மூலையில் சொட்டு சொட்டாக ஒழுகிக்கொண்டே இருந்தது, அடியில் எப்போதும் ஒரு கிண்ணம். ஆனாலும் தொட்டி. மணலைக் கழுவிப் போட்டோம். ஏழும் உள்ளே போய், நான்கு சுவரையும் மீசையால் தடவிப் பார்த்துவிட்டு, வந்து நின்றன. அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே அம்மாவிடம், "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். அப்பாவின் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பை நான் அப்புறம் அதிகம் பார்த்ததில்லை.

தீனிக்கு என்ன செய்வது? அதற்குக் கோடையில் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற எங்கள் கூலர் இருந்தது. கோடை முடிந்தும் யாரும் காலி செய்யாத கூலர்த் தொட்டியில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். மலேரியா இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் அப்பாவைத் திட்டிவிட்டுப் போவார். நான் டீ வடிகட்டியால் அள்ளிக்கொண்டு வந்து போடுவேன். பத்து நாள் கழித்து, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வெராந்தாவில் அம்மா நிற்கிறாள். கையில் வடிகட்டி. வெயில் முகத்தில் விழுந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இவ்வளவு லேட்டா வந்தா அதுக எப்பம் சாப்பிடும்?" என்று என்னைக் கேட்டாள். அன்று சாயங்காலம் என் ஜடையை அம்மாதான் பின்னினாள்.

அம்மா தொட்டிக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவாள். எங்களுக்குத் தெரியாதது எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. எது ஆண், எது பெண். எது பயந்தாங்கொள்ளி. ஐப்பசி பிறக்கும் முன்பு ஒரு ஆண் மீன் ஒரு மூலையில் எச்சில் நுரையாகத் துப்பித் துப்பிக் கூடு கட்டியது. அத்தை சோப்பு நுரை என்று நினைத்து வழித்துப் போட வந்தபோது அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். அதில் ஒன்றும் பிறக்கவில்லை, நாலைந்து நாளில் நுரை கரைந்து போயிற்று. அம்மா தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பாள். ஒவ்வொன்றாக வந்து மீசையால் அவள் விரலைத் தொட்டுப் பார்க்கும். "கூசுதுட்டி" என்பாள். சிரிப்பு மாதிரி ஒன்று வரும்.

இதற்கு நடுவில் அத்தை ஊருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். மாமா வந்து, அதாவது அம்மாவின் அண்ணன், அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று. அவளை இங்கே வைத்துக்கொண்டு இருந்தால் தேற மாட்டாள் என்று அத்தைக்கு அபிப்பிராயம். மார்கழி பிறந்ததும் அப்பா சாப்பிடும்போது அதற்குப் பதில் சொன்னார். "மச்சானுக்கு வர வேண்டாம்னு எழுதிருதேன்க்கா. அவ நல்லாத்தான் ஆயிட்டு வாரா." அத்தை தொட்டிப் பக்கம் பார்த்துவிட்டு, "நல்லாருந்தா எனக்கென்ன கசக்கவா செய்யும்?" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா போய்விடுவாளோ என்று அத்தனை நாளும் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தேன். அவள் ஸ்டூலில் இருக்கிறாளா என்று பார்த்த பிறகுதான் பையைக் கழற்றுவேன்.

அந்த மார்கழியில் பனிமூட்டம் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் விலகும். மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டன. நிறம் போய்விட்டது. மறுபடியும் சேற்று நிறம்.

ஒரு ஞாயிறு காலை, பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம் என்று அத்தை கூப்பிட, அம்மா சரி என்றாள். ஆவணிக்குப் பிறகு அவள் வாசல் தாண்டுவது அதுதான் முதல் தடவை. ஸ்வெட்டர் மேல் சால்வை, அதற்கு மேல் அப்பாவின் மப்ளர். போகும்போது என்னிடம், "இன்னைக்குத் தண்ணி கிண்ணி மாத்திராத. குளுருல்லா. அதுக அப்படியே கெடக்கட்டும்" என்றாள்.

அவர்கள் போன பிறகு அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எதேச்சையாகத் தொட்டியைப் பார்த்தார். எழுந்து கிட்டே வந்தார். ஏழும் அடியில் மணல் மேல் கிடந்தன. இரண்டு மூன்று ஒருக்களித்து. மேலே வரவில்லை. அப்பா கண்ணாடியைத் தட்டினார். ஒன்றும் அசையவில்லை. "எல்லாம் செத்துட்டு போலுக்கே" என்றார்.

"அம்மா அப்படியே கெடக்கட்டும்னு சொன்னா" என்றேன்.

"அவ சரியாப் பாத்திருக்க மாட்டா. பாத்தா தாங்குவாளா? வர்றதுக்குள்ள எடுத்துருவோம். ஜல்தி, அந்தப் பழைய வேட்டித் துணியை எடு."

அப்பா கையால் தொடவில்லை. நானும்தான். தொட்டியைச் சாய்த்து, தண்ணீரைத் துணி வழியாக வாளியில் வடித்தோம். துணியில் ஏழும் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றின் செட்டை மெதுவாக விரிந்து மடங்கியது. "அப்பா, ஒண்ணு அசையுது" என்றேன்.

"துணி ஆடுதுட்டி. நம்ம கை ஆடுதுல்லா."

நான் மறுபடியும் சொல்லவில்லை. அம்மா திரும்பி வருவதற்குள் முடிய வேண்டுமே என்பதுதான் எனக்கும் இருந்தது. அவள் பார்த்தால் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள், மாமா வந்துவிடுவார். அப்பா துணியின் நாலு மூலையையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, ஓரத்தைச் செருகி, சின்னதாக, கச்சிதமாக ஒரு பொட்டலம் ஆக்கினார். ஒரு பித்தான் தைக்கத் தெரியாதவர் அப்பா. இதை மட்டும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறாரே என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புல்வெளி ஓரத்து வேப்பமரத்தடியில் தோட்டக்கார மாலி விட்டுப் போயிருந்த மண்வெட்டியால் குழி பறித்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதிக்காமல் கையால் தட்டி மூடினார். தொட்டியைத் துடைத்து வெராந்தாவில் கவிழ்த்து வைத்தோம்.

அம்மா வந்ததும் அப்பா, நடிக்கத் தெரியாதவர் நடிப்பது போல் சத்தமாக, "தொட்டி ரொம்ப ஒழுக ஆரம்பிச்சுட்டு. மீனை மாடியில குடுத்து வச்சிருக்கேன். வெயில் காலம் வந்ததும் வாங்கிக்கிடலாம்" என்றார். அம்மா வெறும் ஸ்டூலைப் பார்த்தாள். "அங்க எதுல வச்சிருக்காக?" என்றாள். "பெரிய டின்லதான்" என்றார் அப்பா. அம்மா திரும்பிப் படுக்கவில்லை. நாங்கள் தப்பித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

எட்டு நாள் கழித்து, என் குளிர்கால லீவில், ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது. டெல்லிக் குளிர்கால வெயில் என்றால் உங்களுக்குத் தெரியும், குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாம் கட்டிலோடு புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். கம்பளி பின்னிக்கொண்டு, வேர்க்கடலை உடைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும். அம்மாவும் அன்றைக்கு வந்தாள். பெங்காலி ஆன்ட்டி ஒதுங்கி இடம் கொடுத்தாள். அம்மாவுக்கு இந்தி வராது. காய்கறி வாங்குகிற அளவுக்குக்கூட வராது. எல்லாவற்றுக்கும் நான்தான் நடுவில் நின்று மாற்றிச் சொல்வேன், அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன்.

"மீனெல்லாம் சாப்பிடுதான்னு கேளு" என்றாள் அம்மா.

அப்பா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். எந்த மீன் என்றாள் ஆன்ட்டி. எங்கள் வீட்டுக்கு யாரும் மீன் தரவில்லையே என்றாள். நான் மாற்றிச் சொல்லாமல் நின்றேன். அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. "செத்துட்டா?" என்றாள் என்னிடம். நான் தலையை ஆட்டினேன். ஆன்ட்டிக்கும் சொன்னேன், எல்லாம் குளிரில் அடியில் படுத்துச் செத்துப்போய்விட்டன, அப்பா புதைத்துவிட்டார் என்று.

ஆன்ட்டி பின்னுவதை நிறுத்தினாள். அவள் பேசியதை நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். "குளிர்ல அது சாகாதாம்மா. எங்க ஊர்க் குளத்துலயும் இதே மீன் உண்டுன்னு சொல்றாங்க. குளிர் வந்தா அசையாம படுத்துக்குமாம். பாத்தா செத்த மாதிரியே இருக்குமாம். வெயில்ல கொஞ்ச நேரம் வச்சா எழுந்து நீந்துமாம். செவுளைத் தூக்கிப் பாத்தா தெரியும்னு சொல்றாங்க. யாரும் கிட்டப் போய்ப் பாக்கலியான்னு கேக்கறாங்க."

இதை நான்தான் சொன்னேன். என் வாயால். நாக்கு சுளுக்கிக்கொண்டிருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

"எனக்குத் தெரியுமே" என்றாள் அம்மா. "மத்தியானம் ஜன்னல்ல வெயில் வந்தா எந்திரிச்சு வருமே. அதான கெடக்கட்டும்னு சொன்னேன்." அப்புறம், "எங்கட்டி வச்சிய?" என்றாள். நான் வேப்பமரத்தைக் காட்டினேன்.

அவள் எழுந்து போனாள். மண்வெட்டி அங்கே இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். மண் குளிரில் இறுகிக் கிடந்தது. புல்வெளியில் பேச்சு நின்றுவிட்டது. சர்தார்ஜி வீட்டுப் பெண் எழுந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள், அம்மா அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டுத் தோண்டினாள். அத்தை வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். அதற்குள் பொட்டலம் வந்துவிட்டது. அம்மா மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்து, மீனைக் கையால் தொடாத எங்கள் வீட்டில் முதல் ஆளாக, ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எட்டு நாள் ஆன மீன். நாற்றம் தாங்காமல் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "விடுட்டி, சவத்த விடு" என்று அழுதாள். அம்மா ஏழையும் பார்த்து முடித்து, துணியைத் திரும்ப மடித்தாள். அப்பா மடித்த மாதிரியே, அந்த மடிப்புத் தடத்திலேயே மடித்தாள். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வந்திருக்க முடியாது.

அப்பா ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். கையெல்லாம் மண். அவர் சைக்கிளை நிறுத்தும் முன்பே கேட்டாள்.

"அவன் செத்துட்டான்னு ஒங்களுக்கு யார் சொன்னா?"

அப்பாவுக்கு யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று உடனே புரிந்துவிட்டது. "டாக்டரம்மா சொன்னாங்க. நர்ஸ் வந்து கையில குடுத்தாங்க."

"அவுக சொன்னது கெடக்கட்டும். நீங்க பாத்தியளா? துணியைப் பிரிச்சு, மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாத்தியளா?"

அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மீனுக்குப் பொய் சொன்னவர் இதற்குச் சொல்லவில்லை. ஏன் என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது.

"எங்கிட்டக் காமிச்சிருக்கலாமே" என்றாள் அம்மா. "நான் பாத்திருப்பேனே."

தை மாதம் மாமா வந்தார். அம்மாவை அழைத்துக்கொண்டு போனார். ஆறு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் பேச்சு. ஸ்டேஷனில் நான் அழுததைப் பற்றி எழுதப் போவதில்லை. அம்மா பிறகு டெல்லிக்கு வரவேயில்லை. அத்தை என்னை வளர்த்தாள், நன்றாகத்தான் வளர்த்தாள். கோடை லீவுக்கு அம்பாசமுத்திரம் போவேன், அம்மா எனக்கு வேண்டியதெல்லாம் செய்து போடுவாள், எண்ணெய் தேய்த்துவிடுவாள். எல்லாரையும் போல இருப்பாள். திடீரென்று கையில் இருப்பதை வைத்துவிட்டு, "இப்பம் இருந்தா அவனுக்கு எட்டு" என்பாள். "இப்பம் பதினாலு" என்பாள்.

அப்பா ரிடையர் ஆனதும் ஊருக்கே போனார். ஒரே வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் இருந்தார்கள். பால் வந்தாச்சா, கரண்ட் போயிடுச்சா, மாத்திரை போட்டாச்சா. அதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. அம்மா அந்தக் கேள்வியை இரண்டாவது முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அப்பா பதில் சொல்லியிருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா படுக்கையில் விழுந்தபோது நான் போயிருந்தேன். ஒரு காலை வேளை, அம்மா அடுக்களையில் இருந்தாள், குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் அப்பாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் பிரிச்சுப் பாக்கலட்டி" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. "பாக்க தைரியம் இல்ல. போற வழியெல்லாம் மடியில வச்சிருந்தேன். சூடா இருந்துது. துணி வெதுவெதுன்னு இருந்துது. கூட வந்தவன்ட்ட சொன்னேன், சூடா இருக்கேன்னு. 'ஆவணி வெயில்லா சார்'னான். வெயில்தான்னு நெனச்சேன்."

"வெயில்தான்ப்பா" என்றேன்.

"வெயில்தான், என்ன?"

"வெயில்தான்."

நாலாம் நாள் அவர் போய்விட்டார். பதினாறு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, நானும் அம்மாவும் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒங்க அப்பா கடைசியா ஒங்கிட்ட எதுவும் சொன்னாகளா?"

இதைத்தான் உங்கள் எல்லாருக்கும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஐம்பது வருஷமாக அப்பாமீது எனக்கு ஒரு வழக்கு இருந்தது. ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் கண்ணிலிருந்து எதையும் மறைக்கக் கூடாது என்று என் பிள்ளைகளுக்கே உபதேசம் செய்தவள் நான்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "நீ அவுக மகதான."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.